துணி மாற்றினால் ஒரு கோடு

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அட்லஸை வைத்து எழுதுகிறேன். அப்பா ரொட்டித் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார். அம்மா படுத்துவிட்டாள். ஆனாலும் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவேன். நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு உன் பேச்சை எடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. நான் ஒரே ஒரு தடவை எடுத்தேன். அப்பா கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அவரும் சுகமா?

உன் விலாசத்தைப் பள்ளிக்கு எதிரே நகல் கடை வைத்திருக்கும் அம்மா கொடுத்தாள். நீ அவளுக்கு எழுதியிருந்தாயாமே. "உங்கக்கா உன்னைத்தான் விசாரிச்சிருக்கா. பதில் என் கடைக்கே வரட்டும். கவரைப் பிரிக்க மாட்டேன், ஸ்டாம்பை மட்டும் கிழிச்சுக்குவேன், என் பையன் சேக்கிறான்" என்றாள்.

ஒரு கேள்வி. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாப்பித் துணி மாற்ற வேண்டும்? பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். நீ குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்வதாகக் கடையம்மா சொன்னாள். பாடத்துக்குத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் தங்கை

&nbsp;

ஜூன் 15

என் கேள்விப்பெட்டிக்கு,

கிழிக்கவில்லை. ஏழு தடவை படித்தேன். எட்டாவது தடவை உன் மாமா பிடுங்கிப் படித்தார். "எட்டு மாசம் கழிச்சு ஒரு கடிதாசி வருது, அதுவும் மூத்திரத் துணியைப் பத்தி! உங்க குடும்பமே குடும்பம்" என்று சிரிக்கிறார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். இந்தத் தாளின் ஓரத்தில் கறுப்பாக இருப்பது அவர் கட்டைவிரல். நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ எழுதிய பிறகு இன்னும் நன்றாக இருக்கிறோம்.

உன் கேள்விக்கு வருகிறேன். பத்திலிருந்து பன்னிரண்டு தடவை. மலைக்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். எங்கள் காப்பகம் ஒரு தையல் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேலே முந்நூறு மெஷின் ஓடும். அம்மாக்கள் மேலே, பத்தொன்பது குழந்தைகள் எங்களிடம். ஒவ்வொரு தொட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டு தொங்கும். துணி மாற்றினால் ஒரு கோடு. மஞ்சளாகப் போயிருந்தால் ஒரு வட்டம். வீட்டில் இரவு எத்தனை என்று அம்மாக்கள் காலையில் சொல்வார்கள், அதையும் சேர்ப்போம். பிறந்து ஐந்தாறு நாள் தாண்டிய எந்தக் குழந்தைக்கும் ராத்திரி பகல் சேர்த்து ஆறு கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பால் போதவில்லை என்று அர்த்தம். நான் மேலே ஓடிப் போய் அதன் அம்மாவை மெஷினிலிருந்து எழுப்பிக் கூட்டி வருவேன். மேஸ்திரி முறைப்பார். முறைக்கட்டும்.

அது சரி, எந்தப் பாடத்தில் இதைக் கேட்கிறார்கள்? என் காலத்தில் தவளையின் வயிற்றைத் தாண்டவில்லையே.

அம்மா எப்படி இருக்கிறாள்? இரண்டு வரி எழுது.

அக்கா

&nbsp;

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்ட இரண்டு வரி: அம்மா சுகமாக இருக்கிறாள். அப்பாவும் சுகமாக இருக்கிறார்.

பன்னிரண்டு தடவை என்றால் மொத்தம் எத்தனை துணி வேண்டும்? பழைய படுக்கை விரிப்பைக் கிழித்தால் போதுமா? ஓரம் தைக்காவிட்டால் பிசிறு தொடையில் குத்துமா? தூக்கத்திலேயே நனைக்குமா, அல்லது நனைப்பதற்காக எழுந்துகொள்ளுமா? பையன் என்றால் முன்பக்கம் கனமாக மடிக்க வேண்டும் என்கிறார்கள், பெண் என்றால் எங்கே? வயிற்றுக்குள் இருக்கும்போது அதெல்லாம் எங்கே போகும்? அங்கே யார் மாற்றுவது? இந்தக் கடைசிக் கேள்வி நான்கு நாளாக என் தலைக்குள் சுற்றுகிறது. அம்மாவிடம் கேட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அதனால் கடைக்கும் நான்தான் போகிறேன்.

எல்லாம் பாடத்துக்குத்தான். உன் கடிதத்தை அட்லஸின் அட்டைக்குள் ஒளித்திருக்கிறேன். அதை எடுக்கும்போதெல்லாம் வாசல் கதவை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவையும் கேட்டதாகச் சொல். (இப்படி எழுதலாமா?)

உன் தங்கை

&nbsp;

ஜூலை 3

என் கேள்விப்பெட்டிக்கு,

எழுதலாம். "என்னை மாமான்னு சொன்ன முதல் ஆள்" என்று உன் மாமா அன்று முழுக்க வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

பாடமாம் பாடம்! படுக்கை விரிப்பைக் கிழிக்கச் சொல்லும் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? அம்மாவுக்கு எத்தனையாவது மாதம்?

துணி இருபத்து நான்காவது வேண்டும். அனுப்பியிருக்கிறேன். இங்கே வெட்டி மிஞ்சும் பருத்தித் துண்டுகள், சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். ஓரம் நானே தைத்தேன், குத்தாது. நகல் கடையம்மா கொடுத்ததாகச் சொல். குழந்தை தூக்கத்திலேயே நனைக்கும், உன்னைப் போல அனுமதி கேட்காது. பெண் என்றால் நடுவிலும் பின்னாலும் கனம் இருக்கட்டும். வயிற்றுக்குள் இருக்கும்போது போவதைப் பற்றி எங்கள் நர்ஸிடம் கேட்டேன். சுற்றியிருக்கும் தண்ணீரிலேயே போகுமாம். அதையே கொஞ்சம் குடிக்கவும் செய்யுமாம். உன் கேள்வியைக் கேட்டு அவளே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

இப்போது என் கேள்விக்கு நீ பதில் சொல். எனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னாளா? அல்லது ஒன்றுமே சொல்லவில்லையா? இரண்டும் ஒன்று இல்லை.

அக்கா

&nbsp;

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிறந்திருக்கிறான். ஜூலை 24. இரண்டே முக்கால் கிலோ. அம்மாவும் அவனும் 26ஆம் தேதி ராத்திரி வீட்டுக்கு வந்தார்கள். இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் பொடியன் என்று கூப்பிடுகிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. நீ கேட்டதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உன்னைப் பற்றியும் சொல்லவில்லை, குழந்தையைப் பற்றியும் சொல்லவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். "நாப்பத்து மூணு வயசுல" என்று ஒரு தடவை சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான்.

நீ அனுப்பிய துணிகள் எவ்வளவு மெத்தென்று இருக்கின்றன! பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறேன், எல்லாம் என் பொறுப்பு. நேற்று அம்மாவிடம் "சரியா மடிச்சிருக்கேனாம்மா?" என்று கேட்டேன். "என்னைக் கேக்காதடி. நீயே பாத்துக்கோ" என்றாள். பார்த்துக்கொள்கிறேன். அலாரம் வைத்திருக்கிறேன். ஆறு, எட்டு, பத்து என்று நாள் முழுக்க, இரவும் அப்படியே. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் சிலேட்டு மாதிரி கட்டம் போட்டேன். 27ஆம் தேதி பன்னிரண்டு கோடு. 28ஆம் தேதி பன்னிரண்டு. 29ஆம் தேதியும் பன்னிரண்டு! ஒன்றுகூடத் தவறவில்லை.

ரொம்ப சமர்த்து. அழுவதே இல்லை. பாலுக்காக அம்மா பக்கத்தில் கிடத்தினால் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறான். அப்பா காலையில் வந்ததும் கதவருகில் நின்று, "சத்தமே இல்லையே, நல்ல பையன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்.

அவன் உள்ளங்கால் என் சுட்டுவிரல் அளவுதான் இருக்கிறது. அளந்து பார்த்தேன்.

உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

உன் தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 2

என் கேள்விப்பெட்டிக்கு,

பன்னிரண்டா! ராஜா வீட்டுப் பிள்ளைதான். எங்கள் காப்பகத்தில் வாத்து மாதிரி எப்போதும் ஈரத்திலேயே கிடந்து சிலேட்டு நிறையக் கோடு வாங்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், அவளுக்கே பத்துதான். எனக்கு ஒரு தம்பி! இன்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மேஸ்திரியிடம்கூட. "சரி, அதுக்கென்ன இப்ப?" என்றார்.

வட்டம் எத்தனை என்று எழுதவில்லையே. என்ன நிறம்? அம்மா சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? அவளைப் பற்றி நீ எழுதியதை மறுபடி மறுபடி படிக்கிறேன்.

நாங்கள் இருவரும் சுகம். நீ எப்போது தூங்குகிறாய்?

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 4

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதுகிறேன். சுகம் என்று எழுத முடியவில்லை.

சாயங்காலம் துணி துவைக்க உட்கார்ந்தேன். சோப்பு குறையவே இல்லை. வாங்கி எட்டு நாள் ஆகிறது, ஓரம்கூடத் தேயவில்லை. ஏன் என்று யோசித்தேன். மாற்றும்போது பல துணிகள் காய்ந்தே இருக்கும். காய்ந்ததை மடித்து மறுபடி அடுக்கிவிடுவேன். மாற்றியதற்கு ஒரு கோடு போட்டுவிடுவேன்.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். காய்ந்த துணியில் பெரிய ஸ்பூனால் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினேன். கையில் எடுத்தால் தெரியவில்லை. இரண்டு ஊற்றினேன், சந்தேகமாக இருந்தது. மூன்று ஊற்றியதும் கனம் தெரிந்தது. நனைந்த துணி என்றால் இந்தக் கனம் இருக்கும் என்று புரிந்தது. இன்று காலையிலிருந்து அந்தக் கனம் ஒரே ஒரு துணியில்தான் இருந்தது. இன்னொன்றில் செங்கல் பொடி மாதிரி ஒரு கறை. துணியில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

அக்கா, நான் கோடு போட்டதெல்லாம் மாற்றியதற்கு. நனைந்ததற்கு இல்லை. உங்கள் சிலேட்டில் எதற்குப் போடுவீர்கள்? நனையாவிட்டால் மாற்றவே மாட்டீர்களா?

அம்மாவிடம் சொன்னேன். "எல்லாக் கொழந்தையும் இப்படித்தான். போய்த் தூங்கு" என்றாள். அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஆறு கோட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்பார். நான் என்ன சொல்வேன்? ஏதாவது பொய் சொன்னால் நம்புவாரா? இதைத் தபாலில் போட்டு உன் பதில் வர ஆறு நாள் ஆகும். அதுவரை

இப்போது அவனைப் பாலுக்கு எழுப்பிப் பார்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. உதடு காய்ந்திருக்கிறது.

நான் போகிறேன்.

&nbsp;

ஆகஸ்ட் 6

கண்ணம்மா,

இது கிடைத்ததும் முதலில் இதைச் செய், பிறகு மற்றதைப் படி: பொடியனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மா வராவிட்டாலும் போ.

நேற்று வேலை செய்துகொண்டிருக்கும்போது சிலேட்டுகளைத் துடைத்தேன். ஒரு குழந்தைக்கு ஏழு, இன்னொன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு ஒன்பது. அதே குழந்தைக்கு முந்தின நாள் வேறு எண். உன்னுடையது மூன்று நாளும் பன்னிரண்டு. எந்தக் குழந்தையும் அலாரம் வைத்து நனைக்காது. துடைத்த துணியைப் போட்டுவிட்டு நர்ஸிடம் ஓடினேன். நாங்கள் இரண்டு மணிக்கொரு தடவை கை வைத்துப் பார்ப்போம், நனைந்திருந்தால்தான் மாற்றுவோம், மாற்றினால் கோடு. தினமும் செய்கிற வேலை என்பதால் நடுவில் இருப்பதை எழுத மறந்துவிட்டேன். நீ நான் சொன்னதைத்தான் அப்படியே செய்தாய்.

அழாத குழந்தையைச் சமர்த்து என்று சொல்லாதே என்று எங்கள் நர்ஸ் சொல்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் உன்னிடமிருந்து ஒரு வரி வராவிட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன். அப்பா கதவைத் திறக்காவிட்டால் தெருவில் நின்று கத்துவேன்.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. பொடியன் இருக்கிறான். முதலில் இதை எழுதிவிட்டேன். உன் இரண்டு கடிதங்களையும் கடையம்மா இன்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள். "அவசரத் தபால் ஒண்ணு இருக்கு, ஸ்டாம்பைக்கூடக் கிழிக்கலை" என்றாள். நான் 4ஆம் தேதி எழுதி முடிக்காத கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

அன்று அம்மாவை மறுபடி எழுப்பினேன். "காலைல பாக்கலாம்" என்றாள். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வருவது மாதிரி இருந்தது. பொடியனைத் துண்டில் சுற்றினேன். கணக்கு நோட்டை எடுத்தேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து அட்லஸிலிருந்து உன் கடிதங்களையும் எடுத்தேன். வெறும் நோட்டைக் காட்டினால் பத்தாம் வகுப்புப் பெண்ணின் பேச்சை யார் கேட்பார்கள்? ஆறு என்பது காப்பகத்தில் வேலை செய்யும் நீ சொன்னது என்று காட்டினால்தான் அப்பா நம்புவார் என்று தோன்றியது.

தொழிற்சாலை வாசலில் காவல்காரர், "ஏம்மா, இந்நேரத்துக்குக் கொழந்தையைத் தூக்கிட்டு எங்க வந்தே?" என்றார். அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். புருவம் வரைக்கும் மாவோடு வந்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். எனக்கே புரியவில்லை, அவருக்கு எப்படிப் புரியும்?

"என்னடி சொல்றே? பன்னெண்டு தடவை மாத்தினேங்கறே, அப்புறம் ஒண்ணுதாங்கறே?"

"மாத்தினது பன்னெண்டுப்பா. நனைஞ்சது ஒண்ணு. ஆறுக்குக் கீழ போகக் கூடாது."

"ஆறுன்னு யாரு சொன்னா?"

கடிதங்களை நீட்டினேன். கையெழுத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசல் விளக்கின் கீழ் நின்று படித்தார். ஒரு தாளைத்தான் படித்தார். உங்கள் சிலேட்டைப் பற்றி எழுதியிருந்த தாள். பிறகு பொடியனின் வாயில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். அவன் சப்பவில்லை. அப்பா உள்ளே திரும்பி, "வண்டியை எடுங்கடா!" என்று கத்தினார். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ரொட்டி வண்டியில்தான் போனோம். பின்னால் தட்டுகள் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தன.

அவன் எடை அரைக் கிலோ குறைந்திருந்தது. மூக்கு வழியாகக் குழாய் வைத்துப் பால் கொடுத்தார்கள். அந்தச் செங்கல் பொடிக் கறையும் உடம்பில் தண்ணீர் வற்றியதற்கு அடையாளமாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மறுநாள் அம்மாவையும் கூட்டி வந்தார்கள். பெற்ற பிறகு சிலருக்கு இப்படி மனசு விழுந்துபோகுமாம். அது சோம்பல் இல்லை, நோய்தானாம், மருந்து இருக்கிறதாம். டாக்டரம்மா இதைச் சொன்னபோது அம்மா முதல் தடவையாக அழுதாள். அப்பா என்ன செய்வது என்று தெரியாமல் அவள் செருப்பை எடுத்து நேராக வைத்தார்.

இன்று நனைந்தது மட்டும் ஐந்து. நான் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். கத்தி அழவும் செய்கிறான்.

அப்பா என்னைத் திட்டவில்லை. உன் பழைய கடிதங்கள் அவர் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. திருப்பித் தரவில்லை. கிழிக்கவும் இல்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. நீ இப்போது பஸ் ஏற வேண்டாம், அக்கா. அவர் முகத்தைப் பார்த்தால் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 15

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தபோது பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து, பதற்றத்தில் அதை அவரே குடித்துவிட்டார்.

நீ தப்புச் செய்தாய் என்று ஒரு நாளும் நினைக்காதே. எழுத மறந்தது நான். அதைக் கண்டுபிடித்தது நீ, அதுவும் ஒரு ஸ்பூனை வைத்து. எங்கள் நர்ஸ் இப்போது புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் அந்த மூன்று ஸ்பூன் சோதனையைச் செய்யச் சொல்கிறாள்.

அம்மாவிடம் என் அன்பைச் சொல். சொல்ல முடியாவிட்டால் அவள் தலையை வாரிவிடு. நீ சொன்னபடியே நான் வரவில்லை. அப்பா எழுதச் சொன்னால் எழுதுகிறேன், வேண்டாம் என்றால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். அதுவும் வேண்டாம் என்றால், பொடியனின் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு, போதும்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 21

பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான்கு பேரும் சுகம். உங்கள் இரண்டு பேர் சுகத்துக்கும் எழுதவும்.

பையனுக்கு இப்போது நான்கு கிலோ. உன் அம்மா மருந்து சாப்பிடுகிறாள். பத்து நாளாக அவனை அவளே குளிப்பாட்டுகிறாள். பாலுக்கு அவனாகவே கத்தி வீட்டை இரண்டாக்குகிறான். சின்னவளுக்குப் பரீட்சை நெருங்குவதால், வேலையிலிருந்து வந்ததும் காலை பத்து மணி வரை துணி என் பொறுப்பு.

அதில் ஒரு சந்தேகம். பழைய துணியை எடுத்து, புதியதைக் கட்டி முடிப்பதற்குள் மறுபடி நனைத்துவிடுகிறான். நேற்று அடுத்தடுத்து மூன்று. என் சட்டை தனி. இது வழக்கம்தானா, அல்லது நான் கட்டுவதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? மூன்றுக்கும் மூன்று கோடு போடுவதா, ஒன்று போடுவதா? சின்னவளைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், அக்காவையே கேளுங்க" என்கிறாள்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் உன்னைக் கேட்கிறாள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

வருவதாக இருந்தால் காலை பத்திலிருந்து மூன்று மணி வரை வேண்டாம். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். மூன்று மணிக்கு மேல் இரண்டு பேரும் வாருங்கள்.

அப்பா